பெட்டியில் இருந்தது முடி இல்லை

வாடிப்பட்டியில் திண்டுக்கல் ரோட்டை விட்டு ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளி நாகசுப்பிரமணியனின் முட்டைத்தட்டு கம்பெனி இருந்தது. அங்கே அச்சு ஓட்டியவள் தங்கப்பொண்ணு. பதினேழு பேர் வேலை பார்த்த இடத்தில் அச்சுக்கு முன்னால் நின்ற ஒரே பெண்பிள்ளை. இரண்டாயிரமாவது வருஷம் ஐப்பசியில், கதவில் ஒரு காகிதத்தை ஒட்டி அந்த வேலையை அவளிடமிருந்து பிடுங்கப் பார்த்தார்கள். வேறு யாராக இருந்தாலும் நாலு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு ஒதுங்கிப் போயிருப்பார்கள். தங்கப்பொண்ணுவுக்கு ஒதுங்குவது என்றால் என்னவென்றே தெரியாது. தெரிந்துகொள்ள அவள் ஆசைப்பட்டதும் கிடையாது.

அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. பிறந்தது பக்கத்துக் கிராமத்தில், கையகல நிலம்கூடச் சொந்தமில்லாத வீட்டில். அப்பனும் ஆத்தாளும் ஊரார் வயலில் கூலி வேலை செய்தார்கள். அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. நிலக்காரர் வரப்பில் வரும்போது நாற்று நடுகிற பெண்கள் நிமிரக் கூடாது. அவர் தலை மறைகிற வரை, இடுப்பு ஒடிந்தாலும் குனிந்தபடியே நட வேண்டும். பத்தொன்பது வயதில் ஒருநாள் தங்கப்பொண்ணு நிமிர்ந்துவிட்டாள். முதுகு வலித்தது, நிமிர்ந்தாள், அவ்வளவுதான். ஆனால் நிலக்காரர் முறைத்த பிறகும் திரும்பக் குனியாமல் நின்றாளே, அதை வேண்டுமென்றேதான் செய்தாள். மறுநாள் அவளை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. “ஒனக்கு மட்டும் முதுகுல ஒரு எலும்பு சாஸ்தியா வச்சுட்டானாடி சாமி?” என்று ஆத்தா மூன்று நாள் திட்டினாள்.

பிறகு வீரணனைக் கட்டிக்கொண்டாள். அவன் பரவை மார்க்கெட்டில் காய்கறி மூட்டை இறக்குகிறவன், வம்புக்குப் போகாத மனிதன். தொண்ணூற்றிரண்டில் பழைய பேப்பர் பொறுக்கிப் பிரிக்கும் வேலைக்காக முட்டைத்தட்டு கம்பெனிக்கு வந்தாள். சாயங்காலங்களில் அறிவொளி வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டாள். மூன்று வருஷம் கழித்து அச்சு ஓட்டிய சோணை திருப்பூருக்குப் போய்விட, ஆள் கிடைக்காமல் முதலாளி நாலு நாள் அல்லாடினார். ஐந்தாம் நாள் காலையில் அவர் வந்து பார்த்தபோது தங்கப்பொண்ணு அச்சுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பலகையில் நாற்பது தட்டுகள் ஈரத்தோடு அடுக்கியிருந்தன. ஒன்றிலும் பழுது இல்லை. அன்றிலிருந்து அச்சு அவள் கைக்குப் போயிற்று.

அந்த வேலை பார்க்க எளிதாகத்தான் இருக்கும். தொட்டி நிறையக் கூழ். துளை போட்ட அலுமினிய அச்சு அதற்குள் முங்கும். அச்சின் மேல் மாவுச் சல்லடை போல மெல்லிய கம்பிவலை இழுத்துத் தைத்திருக்கும். மோட்டார் அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்ச, கூழில் இருக்கிற நார் வலைமேல் படியும். அச்சு மேலே வந்ததும் எதிர் அச்சு இறங்கி, ஈரத் தட்டைக் கவ்வி எடுத்துப் பலகையில் வைக்கும். உறிஞ்சலை எந்த நேரத்தில் விடுவது என்பதில்தான் சூட்சுமம். கொஞ்சம் முந்தினால் ஓரம் கிழியும், பிந்தினால் வலையோடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கணக்கு தங்கப்பொண்ணுவின் வலது கையில் இருந்தது.

முதலாளி நாகசுப்பிரமணியன் சௌராஷ்டிரக்காரர். மதுரையில் தலைமுறையாகப் பட்டுத் தறி வைத்திருந்த குடும்பம். தறிகளை விற்றுவிட்டுத்தான் இந்தத் தொழிலில் இறங்கினார், வீடு விளாங்குடியில். நல்ல மனிதர், அதே அளவுக்குப் பயந்த சுபாவம். முட்டைக்கு பிளாஸ்டிக் தட்டு வந்து வியாபாரம் படுத்தபோது, வாழைத்தண்டு நாரைப் பழைய பேப்பரோடு சேர்த்து அரைத்துப் பெட்டி செய்யலாம் என்று இறங்கினார். சென்னையில் மூலிகை சோப்பு கம்பெனி ஒன்று முதல் ஆர்டர் கொடுத்தது. ஒரு சோப்பு அடங்குகிற குழிப்பெட்டி, மேலே ஒரு மூடி. முதல் லோடு போய்ச் சேர்ந்து மூன்றாம் வாரம், நாலு சாக்கில் பெட்டிகள் திரும்பி வந்தன. கூடவே ஒரு கடிதம். சோப்பில் தலைமுடி ஒட்டியிருக்கிறது, வாங்கினவர்கள் கடையிலேயே முகத்தில் எறியாத குறை என்று எழுதியிருந்தார்கள்.

கடிதத்தைப் படித்தது முதலாளியின் அக்கா மகன் கோகுல்நாத். டிப்ளமா முடித்துவிட்டு மாமாவுக்கு ஒத்தாசையாக வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மாமாவும் மருமகனும் தங்கள் வீட்டுப் பாஷையில் பேசிக்கொண்டார்கள், வேலைக்காரர்களுக்குப் புரியாது என்கிற தைரியம். எட்டு வருஷமாக அந்தப் பாஷை காதில் விழுந்த தங்கப்பொண்ணுவுக்கு அதெல்லாம் பாதிக்குமேல் புரியும். பேச்சில் பொம்பளைகள் வந்தார்கள், முடி வந்தது, அவள் பெயரும் வந்தது.

திங்கட்கிழமை காலை அச்சுக்கூடத்துக் கதவில் காகிதம் ஒட்டியிருந்தது. தங்கப்பொண்ணு எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தாள். “பெண்களின் தலைமுடி பெட்டியில் விழுவதால், இன்று முதல் அச்சுக்கூடத்துக்குள் பெண்கள் நுழையக் கூடாது.” கூடத்துக்குள் போய்வருகிற பெண் அவள் ஒருத்திதான். ‘பெண்கள்’ என்று எழுதினால் மரியாதையாக இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

“நீ கொஞ்ச நாளைக்கு முற்றத்துல நார் வெட்டும்மா” என்றான் கோகுல்நாத். “சம்பளம் அதேதான்.”

“சம்பளத்தையா கேட்டேன்? அந்த முடிய எடுங்க, பாப்போம்.”

திரும்பி வந்த சாக்கைப் பிரித்து, ஒரு பெட்டியின் குழியிலிருந்து நீண்டு நின்ற ஒன்றை அவளே பிடுங்கினாள். கறுத்து, சுருண்டு, பார்ப்பதற்கு முடி மாதிரிதான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராக முதலாளியின் அறைக்குப் போனாள். தன் தலையிலிருந்து ஒன்றைச் சுண்டிப் பிடுங்கினாள். மேஜைமேல் இருந்த தீப்பெட்டியை எடுத்து, முதலில் தன் முடியைக் கொளுத்தினாள். அது சுருண்டு உருகி நாறியது. அடுத்ததைக் கொளுத்தினாள். காகிதம் எரிகிற வாசனைதான் வந்தது. விரலில் கொஞ்சம் சாம்பல், ஊதினால் பறந்தது.

“மொதலாளி, நீங்க பட்டுத் தறி வச்சிருந்த குடும்பம். இழையக் கொளுத்தி மோந்து பாத்துத்தானே பட்டா பருத்தியான்னு சொல்லுவீக? பட்டு எரிஞ்சா முடி எரிஞ்ச நாத்தம் வரும்னு என்கிட்டச் சொன்னதே நீங்கதான். அம்புட்டுத் தெரிஞ்சவுக, என் தலையில பழியப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தீக்குச்சி கிழிக்கத் தோணலையா?”

நாகசுப்பிரமணியனுக்கு முகம் சிறுத்துப் போயிற்று. அந்த வாசனையைச் சின்ன வயதிலிருந்து மூக்கில் வைத்திருக்கிற மனிதர் அவர். “நார்தான் போலிருக்குடா” என்று மருமகனைப் பார்த்தார். அவன் விடவில்லை. “இருக்கட்டும் மாமா. சோப்பு வாங்குறவங்க கையில தீப்பெட்டியக் குடுத்துக் கொளுத்திப் பாருன்னா சொல்ல முடியும்? முடி மாதிரி தெரியறது மொதல்ல வராம நிக்கட்டும், அப்புறம் காகிதத்தை எடுத்துக்கலாம்.” முதலாளி கண்ணாடியைத் துடைத்தார். பயந்த மனிதர்கள் இப்படிப்பட்ட நேரத்தில் கண்ணாடியைத்தான் துடைப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீரணன் வாடிய முகத்தோடு வீட்டுக்கு வந்தான். லாரிக்காரர்கள் மூலமாக விஷயம் பரவை மார்க்கெட் வரை போய்விட்டது. உன் பொண்டாட்டி முடிதான் மெட்ராஸில் சோப்பில் வருதாமே என்று மூட்டை தூக்குகிறவர்கள் கேட்டுச் சிரித்தார்களாம். “பேசாம நின்னுரு புள்ள. ஒனக்கு வேற வேலையா கிடைக்காது?” என்றான். “நின்னா அது என் முடிதான்னு ஆயிப்போகும்” என்றாள். அச்சு போனால் போகட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள், ஆனால் அசிங்கப்பட்டவளாக வெளியே போவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கோகுல்நாத் சும்மா இருக்கவில்லை. நெசவுக்காரர்கள் பாவுக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்தால் நூலில் பிசிறு அடங்கும், அதே மாதிரி கூழிலும் கஞ்சி கலந்தால் நார் படிந்துவிடும் என்று கணக்குப் போட்டான். மரவள்ளி மாவு இரண்டு மூட்டை வாங்கிக் காய்ச்சிக் கொட்டினார்கள். பெட்டி வலையோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. வந்தவை அடைமழை ஈரத்தில் காயாமல் பூசணம் பூத்தன. காய்ந்த இருபது முப்பதிலும் எறும்பு வந்து குடியேறியது. அச்சு ஓட்டத் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருந்த ஃபிட்டர் வெள்ளைத்துரை, “சோப்பு கம்பெனிக்கு வேண்டாம், எறும்புக்கு வீடு கட்டி விக்கலாம் சார்” என்றார்.

முற்றத்தில் நார் வெட்டிக்கொண்டிருந்த தங்கப்பொண்ணுவின் பக்கத்தில், திரும்பி வந்த பெட்டிகள் சாக்குச் சாக்காகக் கிடந்தன. புதன்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ஒரு பெட்டியை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். வெளிப்பக்கம் வழுவழுவென்று இருந்தது. உள்ளே விரலை விட்டாள், சொரசொரவென்று நார் குத்தியது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் அப்படியே. இருபது பெட்டிக்கும் அதே கதை. கூட வேலை பார்த்த ஒச்சாயி, “என்னக்கா, பூனையத் தடவுற மாதிரி தடவிக்கிட்டே இருக்கீக?” என்றாள்.

தங்கப்பொண்ணுவுக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. அஞ்சு வருஷமாகத் தன் கண் முன்னால் நடப்பதுதானே! வலைமேல் படிகிற பக்கத்தை மோட்டார் இழுத்துப் படுக்க வைக்கிறது, அங்கே நாரால் எழுந்திருக்க முடியாது. வலைக்கு மறுபக்கத்தில் எது எப்படி விழுந்ததோ அப்படியே நிற்கிறது. முட்டைக்கு எந்தப் பக்கம் இருந்தால் என்ன? அதனால் யாரும் யோசிக்கவில்லை. சோப்புப் பெட்டியில் வலை படிவது வெளிப்பக்கம். சோப்பு உட்காருவது சொரசொரப்பில்.

அப்படி அச்சு செய்யச் சொன்னது யார்? நாகசுப்பிரமணியன்தான். அவருக்கு எல்லாமே சேலை. சேலையில் நல்ல பக்கம் வெளியே இருக்க வேண்டும், முகப்பு கண்ணில் பட வேண்டும், பின்பக்கத்து இழை உள்ளே மறைய வேண்டும். கோயம்புத்தூர் பட்டறைக்காரரிடம் அதையேதான் சொல்லி அச்சு வாங்கியிருந்தார். தங்கப்பொண்ணு போய்ச் சொன்னபோதும் அதையேதான் சொன்னார். “வாங்குறவன் மொதல்ல வெளியத்தான் பார்ப்பான் தங்கம். உள்ள கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா என்ன?”

“மொதலாளி, சோப்பு வெளியவா படுக்குது?”

அவர் ஒரு பெட்டிக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். “புது அச்சு வார்க்க ரெண்டு மாசம் ஆகுமே” என்றார்.

“புதுசு எதுக்கு? எதிர் அச்சு என்ன செத்தா கெடக்குது? பெட்டியக் கவ்வுறதுக்கு அதுலயும் துளை இருக்கு. வலையப் பிரிச்சு அதுல தைச்சு, கூழுக்குள்ள அதை எறக்குவோம். இப்ப முங்குறத எதிர் அச்சா வச்சுக்குவோம்.”

வியாழக்கிழமை வெள்ளைத்துரை எதிர் அச்சைக் கழற்றி முற்றத்துக்குத் தூக்கி வந்தார். அவள்தான் உள்ளே போகக் கூடாதே. கதவில் எழுதியிருந்ததை அவள் எழுத்துப் பிசகாமல் மதித்தாள். அந்த மதிப்பில் இருந்த நக்கல் முதலாளிக்கும் புரிந்தது, அதனால்தான் அந்தப் பக்கமே வராமல் இருந்தார். தகரக் கொட்டகையின் கீழ் சாக்கை விரித்து உட்கார்ந்து, மெல்லிய கம்பியால் வலையைத் தைத்தாள். மூலைகளில் வலை மடிந்தால் அந்த மடிப்பு பெட்டியில் விழும். மரச்சுத்தியலால் தட்டித் தட்டிப் பதித்தாள். விரல் நுனியெல்லாம் கம்பி குத்தி ரத்தம் கட்டியது. கையோடு கையாக, நாரையும் பாதி விரல் நீளத்துக்கு மேல் போகாமல் வெட்ட வேண்டும் என்று ஒச்சாயியிடம் சொல்லியிருந்தாள். நீள நார்தான் முதலில் எழுந்து நிற்கும். அவளை முற்றத்துக்கு அனுப்பியவர்கள், நாரை அவள் கையில் கொடுத்துவிட்டோம் என்பதை யோசிக்கவில்லை.

சனிக்கிழமை முதல் ஓட்டம். வெள்ளைத்துரை அச்சுக்கு முன்னால் நின்றார், அவள் வாசற்படிக்கு வெளியே நின்று கத்தினாள். “எறக்குங்கண்ணே! இப்பத் தூக்குங்க! விடுங்க, விடுங்க! ஐயோ, பிந்திட்டீகளே!” பத்தில் நாலு கிழிந்தன. தப்பியவற்றின் உட்குழி வழவழப்பாகத்தான் இருந்தது, ஆனால் நட்டநடுவே ஒரு தழும்பு. வலை இரண்டு துண்டாக இருந்ததால் தைத்த கோடு அப்படியே பதிந்திருந்தது. கோகுல்நாத் அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “நான் சொன்னேன்ல?” என்றான். அவன் என்ன சொன்னான் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. தங்கப்பொண்ணு அச்சை மறுபடி முற்றத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள். தையலை மொத்தமாகப் பிரித்தாள். ஒரே துண்டு வலையாக இழுத்து, தையலைக் குழிக்கு வெளியே, விளிம்பில் கொண்டுபோய் முடித்தாள். செவ்வாய்க்கிழமை பொழுது சாய்வதற்குள் வந்த பெட்டிகளில் தழும்பு இல்லை. குழிக்குள் கன்னத்தை வைத்துக்கூடத் தேய்க்கலாம். ஒச்சாயி தேய்த்தே பார்த்தாள்.

புதன்கிழமை காலை சென்னையிலிருந்து இந்துப்ரியா வந்தாள். சோப்பு கம்பெனியில் சரக்கின் தரம் பார்க்கிறவள், ஆர்டர் இருக்குமா போகுமா என்பது அவள் கையில். முதலாளியும் கோகுல்நாத்தும் அவளை அச்சுக்கூடத்துக்குள் அழைத்துப்போய் நாற்காலி போட்டார்கள். அவள் பெட்டிக்குள் சோப்பை வைத்து மூடி, நூறு தடவை குலுக்கிவிட்டுத் திறந்தாள். சோப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒன்றுகூட ஒட்டியிருக்கவில்லை. இப்போது வெளிப்பக்கம் சொரசொரப்பாக இருப்பதற்கு முதலாளி மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் அவள், “வெளியில நார் தெரியறது நல்லா இருக்கு சார், வாழைநார்னு பார்த்தாலே தெரியுது” என்றாள். “சரி, ஓட்டிக் காட்டுங்க.”

வெள்ளைத்துரை ஓட்டினார். முதல் பெட்டி கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது. மூன்றாவது வலையோடு ஒட்டிக்கொண்டது. இந்துப்ரியா மணியைப் பார்த்தாள். முதலாளிக்கு வேர்த்தது. வாசற்படிக்கு வெளியே நின்றவளைப் பார்த்து, “தங்கம், உள்ள வா” என்றார்.

தங்கப்பொண்ணு அசையவில்லை. “எப்பிடி மொதலாளி வாரது? எழுதிப் போட்டிருக்குல்ல?” என்றவள், கதவைப் பார்த்து நிதானமாக, கூடத்தில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். படித்து முடித்ததும் எல்லோருடைய கண்ணும் இந்துப்ரியாவின் பின்னலுக்குப் போனது. அது இடுப்புக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அரைமணி நேரமாக அவள் உட்கார்ந்திருந்தது கூழ்த் தொட்டிக்குப் பக்கத்தில்.

“இது என்ன சார்?” என்றாள் இந்துப்ரியா.

“அது... பழைய நோட்டீஸ் மேடம்” என்று கோகுல்நாத் ஓடிவந்து காகிதத்தின் மேல் கையை வைத்தான். முதலாளி, “அது கெடக்குதும்மா, நீ வா. அப்புறமா எடுத்துக்கலாம்” என்றார்.

“இப்ப எடுக்கணும். எழுதுனவுகதான் எடுக்கணும்.”

கோகுல்நாத் மாமாவைப் பார்த்தான். மாமா மோட்டாரைப் பார்த்தார். காகிதம் கிழிந்தது. தங்கப்பொண்ணு அப்போதும் படியேறவில்லை. “கிழிச்சுட்டா சரியாப் போச்சா தம்பி? எட்டு நாளா வாரவுக போறவுக அம்புட்டுப் பேரும் படிச்சாக. நீங்க கிழிச்சது அவுகளுக்குத் தெரியுமா? நான் சொல்றத எழுதி அதே எடத்துல ஒட்டுங்க. அதும் எட்டு நாளு இருக்கணும்.”

அவன் காது சிவந்துவிட்டது. பேனா இல்லை என்றான். வெள்ளைத்துரை தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். அவள் சொல்லச் சொல்ல, கதவின் மேலேயே காகிதத்தை வைத்து எழுதினான். “பெட்டியில் இருந்தது முடி இல்லை. வாழைநார். பெண்கள்மேல் தப்பு இல்லை.” எழுதிவிட்டுத் திரும்பியவனிடம், “கையெழுத்து?” என்றாள். போட்டான்.

தங்கப்பொண்ணு அதை ஒருமுறை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு உள்ளே வந்து, கையைக் கழுவி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அச்சுக்கு முன்னால் நின்றாள். முதல் பெட்டி ஓரம் பிசகாமல் பலகையில் இறங்கியது. இந்துப்ரியா அதை ஈரத்தோடு கையில் வாங்கிக்கொண்டு, ஆர்டர் தொடரும் என்றாள். கூடத்துக்குள் வேலை செய்கிறவர்கள், ஆண்கள் உட்பட எல்லோரும் தலைக்குத் துணி கட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். “எல்லாரும்னா நானும் கட்டுறேன்” என்றாள் தங்கப்பொண்ணு.

மறு வாரம் வியாழக்கிழமை காலை, தலையில் துணி கட்டிய கோகுல்நாத் அச்சுக்கூடத்து வாசலில் வந்து நின்றான். கதவில் இருந்த காகிதத்தின் ஒரு மூலையை நகத்தால் கிளப்பியபடி உள்ளே எட்டிப் பார்த்தான்.

“எட்டு நாள் முடிஞ்சிருச்சுக்கா. எடுத்துரட்டுமா?”

அவள் அச்சிலிருந்து கையை எடுக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

“நான் வெளிய நின்னது எட்டு வேலைநாளு தம்பி. நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை வந்துச்சுல்ல, அது கணக்குல சேராது. நாளைக்கு வாங்க.”